சுழல் கீறலா? பஃபிங் மெஷின் வாங்கும் முன் காரைப் பாருங்கள்

“கறுப்பு கார் அண்ணே, வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகுது. வெயில்ல நிறுத்தினா போனட் முழுக்க சிலந்தி வலை. எந்த பஃபர் வாங்கட்டும்?” மாதத்துக்கு நாலைந்து தடவை இந்தக் கேள்வி போட்டோவோடு வரும். மெஷின் பெயரை உடனே சொல்ல மாட்டேன். டார்ச் அடித்து எடுத்த இன்னொரு போட்டோ கேட்பேன். சுழல் கீறல் என்று வருகிற போட்டோக்களில் உப்புத்தண்ணீர்க் கறை இருக்கும், கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற அடுக்கு) வெந்து உரிந்தது இருக்கும், போன மாதம் யாரோ மெஷின் ஓட்டி விட்டுப்போன தடமும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் கார் எந்தத் தலைப்பில் மாட்டுகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் தாண்டாதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

நிழலில் நிறுத்தி, கார் ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் கீறல் ஒளிந்துகொள்ளும். இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சை ஒரு அடி தள்ளிச் சாய்வாகப் பிடித்தால் எல்லாம் வெளியே வரும்.

அடுத்து நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே நகத்தை லேசாக இழுங்கள். நகம் தட்டினால் ஆழம், வழுக்கிப் போனால் மேலோட்டம்.

அப்புறம் பைச் சோதனை. மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டு பெயின்ட் மேல் தடவுங்கள். (2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் இந்தப் பைக்குத் தடை. ஆனாலும் அடுக்களையில் எங்காவது ஒன்று மடித்துக் கிடக்கும்.) மணல் ஒட்டியதுபோல் நறநறவென்றிருந்தால் மெஷினைத் தொடும் முன் கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) போட்டே ஆக வேண்டும். அந்த அழுக்கோடு பேடை (மெஷினில் மாட்டித் தேய்க்கும் ஸ்பாஞ்ச்) ஓட்டினால், எடுக்கப் போன இடத்தில் புதுக் கீறல் விழும்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். கம்பெனி பெயின்டில் மேலடுக்கான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். பாலிஷ் என்பது முடியைவிட மெல்லிய அந்த அடுக்கிலிருந்து சீவி எடுக்கிற வேலை. சீவியது திரும்ப வளராது.

## அறிகுறி 1: விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல், நகம் தட்டவில்லை

இதுதான் அசல் சுழல் கீறல். டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

எதனால் வந்தது? முதலில் துணியைப் பாருங்கள். விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரில் வரிசையாகப் பத்து காரைத் துடைக்கிறவர், ஐந்தாவது காருக்கு வரும்போதே துணியில் மணலை ஏற்றியிருப்பார். இரண்டாவது, காய்ந்த தூசி மேல் ஓட்டும் டஸ்டர். மூன்றாவதை யாரும் சந்தேகப்படுவதில்லை: கார் கவர். தூசியோடு இருக்கும் காருக்கு மேல் கவரை மாட்டினால், காற்றடிக்கும்போதெல்லாம் அது உப்புத்தாள் மாதிரி உரசிக்கொண்டே இருக்கும். நாலாவது, பிரஷ் சுற்றும் தானியங்கி வாஷ்.

இவற்றில் எது என்று கண்டுபிடித்து நிறுத்தாமல் மெஷின் வாங்கினால், வருஷத்துக்கு இரண்டு முறை கிளியர் கோட்டைச் சீவிக்கொண்டே இருப்பீர்கள். சில வருஷத்தில் பயமில்லாமல் சீவ ஒன்றும் மிஞ்சாது.

கையால் போகுமா? கதவுக் கைப்பிடிக்குள் நகம் பட்டு விழுந்த கீறல், கண்ணாடி மூடி மாதிரி சின்ன இடங்களுக்குக் கையே போதும். ஸ்பாஞ்சில் பாலிஷ் எடுத்து ஒரு சாண் அகலத்தில் இரண்டு மூன்று நிமிடம் தேய்க்க வேண்டும். போனட் முழுக்கக் கையால் என்றால் தோள்பட்டை போகும், கீறல் பாதி மங்கும். அங்கேதான் மெஷின் தேவை.

## அப்படியானால் எந்த மெஷின்?

கையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து போவோம்.

வீட்டில் டைல்ஸ் அறுக்கும் நாலு இஞ்ச் கிரைண்டர் இருக்கிறது. அதை அப்படியே வைத்துவிடுங்கள். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும், பாலிஷுக்கு வேண்டியது 3,000-க்கும் கீழே. கிரைண்டரில் மாட்டும் ஸ்பாஞ்ச் கடையில் கிடைப்பது உண்மைதான். அதை நம்பி நானும் ஒருமுறை பழைய கதவு ஒன்றில் வைத்துப் பார்த்தேன். “ஒன்று, இரண்டு” என்று எண்ணி முடிப்பதற்குள் ரூபாய் நாணயம் அளவுக்கு, பெயின்டுக்கு அடியில் இருக்கும் ப்ரைமர் தெரிந்தது.

டிரில்லில் பேட் மாட்டலாமா? ஹெட்லைட் மஞ்சளை எடுக்கலாம். பேனலுக்கு வேண்டாம். பிடி கோணலாக இருப்பதால் பேட் சமமாக உட்காராது, ஒரு ஓரம் மட்டும் கடிக்கும். போதாததற்கு டிரில்லும் ரோட்டரி வகைதான், அதாவது ஆட்டம் இல்லாமல் ஒரே அச்சில் சுற்றுவது. ரோட்டரியின் ஆபத்து முழுக்க இருக்கும், கட்டுப்பாடு இருக்காது.

விலை குறைவாக, பெரிய தட்டில் தொப்பி மாதிரி துணி மாட்டுகிற மெஷின். பத்து இஞ்ச் அளவில் வரும். பெட்டியில் பாலிஷர் என்று போட்டிருப்பார்கள். வேக்ஸ் தடவ நல்ல சாதனம், கீறல் எடுக்காது. இதை வாங்கி ஏமாந்தவர்கள்தான் எனக்கு அதிகம் போன் செய்கிறார்கள்.

டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன். பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். அழுத்தினாலோ ஓரத்தில் மாட்டினாலோ சுற்றுவதை நிறுத்திவிடும். அந்தச் சோம்பல்தான் புதியவருக்குப் பாதுகாப்பு. ஆட்டத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள்:

- 8 மிமீ: சின்ன கார், வளைவு அதிகமான கதவு, பம்பர். மெதுவாக வேலை செய்யும்.
- 15 மிமீ, ஐந்து இஞ்ச் பேக்கிங் பிளேட் (பேடை ஒட்டும் தட்டு): ஹேட்ச்பேக்கோ செடானோ, வீட்டுக்கு ஒரே மெஷின்தான் என்றால் இது.
- 21 மிமீ, ஆறு இஞ்ச் பிளேட்: எஸ்யூவி போனட், கூரை மாதிரி தட்டையான பெரிய பரப்பு. வளைவுக்கு வந்தால் நின்று நின்று எரிச்சல் கொடுக்கும்.

இத்தாலியின் ரூபெஸ் போன்றவை இந்த ரகத்தில் பேர் போனவை, விலையும் அதற்கேற்றபடி. வருஷத்துக்கு இரண்டு காருக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மிச்சமாகும் பணத்தில் ஆறு பேட் வாங்குங்கள். பேட் குறைந்தால்தான் வேலை கெடும்.

கியர் வைத்த டிஏ. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் கம்பெனியுடையது பிரபலம். எவ்வளவு அழுத்தினாலும் பேட் நிற்காது. கெட்டியான பெயின்டுக்கு அருமை. ஆனால் நிற்காது என்பதால் ஓரங்களில் ஜாக்கிரதை, கையிலும் அதிர்வு அதிகம்.

ரோட்டரி. ஒரே அச்சில் சுற்றும், வேகமாகக் கடிக்கும், சூடும் வேகமாக ஏறும். பத்து பழைய கதவுகளில் கை பழகியவருக்கு இதைவிட நல்ல மெஷின் இல்லை. சொந்த காரில் பழக நினைப்பவருக்கு இதைவிடக் கெட்டதும் இல்லை.

கரன்ட் விஷயமும் பாருங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இருக்கும் 6 ஆம்பியர் பாயின்டில் 700 முதல் 900 வாட் டிஏ சிரமமில்லாமல் ஓடும். 1,400 வாட் ரோட்டரி அந்த பாயின்டின் எல்லையைத் தொட்டுவிடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியே மாட்டினால் வயர் சூடாகி இளகும். முழுக்க விரித்துப் போடுங்கள்.

## அறிகுறி 2: மெஷின் ஓடுகிறது, கீறல் அப்படியே இருக்கிறது

பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டும்போது அந்தக் கோடு சுற்றுகிறதா, நின்ற இடத்திலேயே நடுங்குகிறதா?

கோடு சுற்றவில்லை என்றால் நீங்கள் அழுத்துவது அதிகம், அல்லது பேட் பேனல்மேல் சாய்ந்திருக்கிறது. மெஷினின் எடையோடு கையின் லேசான பாரம் போதும். வேகம் 6 எண் டயலில் 4 அல்லது 5. வளைவில் மட்டும் நிற்கிறது என்றால் பேட் அந்த இடத்துக்குப் பெரிது. மூன்று இஞ்ச் பிளேட் தேடுங்கள்.

கோடு சுற்றுகிறது, ஆனாலும் போகவில்லை என்றால் செலவில்லாததிலிருந்து வரிசையாகப் பாருங்கள்:

1. கை வேகம். நம்மவர்கள் வீடு பெருக்குகிற வேகத்தில் ஓட்டுகிறார்கள். இரண்டு அடி நீளத்தைக் கடக்க இருபது, இருபத்தைந்து விநாடி ஆக வேண்டும். ஒரு முறை நெட்டாக, ஒரு முறை குறுக்காக என்று மொத்தம் நாலிலிருந்து ஆறு ஓட்டம்.
2. பரப்பு. ஒரே நேரத்தில் இரண்டுக்கு இரண்டு அடிக்கு மேல் எடுக்காதீர்கள்.
3. பேட் நிறைந்துவிட்டது. பட்டாணி அளவில் மூன்று நாலு சொட்டு போதும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷால் பேடைத் தட்டி, தேய்ந்த பெயின்டை வெளியேற்றுங்கள். ஒரு பேடால் முழுக் காரையும் முடித்தேன் என்று யாராவது சொன்னால், அவர் பாதிக் காரைத்தான் முடித்திருக்கிறார்.
4. பேட் மென்மையானது. நிறத்தை வைத்து வாங்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். அமுக்கிப் பார்த்துக் கெட்டியைப் பாருங்கள்.
5. காம்பவுண்டு, அதாவது கீறலை அறுக்கும் பாலிஷ், மென்மையானது. இதை மாற்றுவது பேடை மாற்றிப் பார்த்த பிறகுதான்.
6. மைக்ரோஃபைபர் பேட். ஃபோம் பேடைவிட நன்றாகக் கடிக்கும்.
7. இதுவும் போதவில்லையென்றால் மட்டும் மெஷினை மாற்றுங்கள்.

எப்போதும் போனட்டில் ஒரு மூலையில் மென்மையான பேட், மென்மையான பாலிஷோடு தொடங்கி, தேவைக்கு ஏற்ப ஒவ்வொரு படியாக ஏறுங்கள். மேலிருந்து தொடங்கியவர்கள் கிளியர் கோட்டை வீணாகக் கொடுத்திருப்பார்கள்.

## அறிகுறி 3: பஃபிங் செய்த பிறகு வெயிலில் மயில்தோகை மாதிரி நிழல் அலை

ஹாலோகிராம் என்பார்கள். கார் நகர நகர அலையும் கூடவே ஓடும். கறுப்பு, கருநீலக் காரில் கண்ணைக் குத்தும், வெள்ளையில் அநேகமாகத் தெரியவே தெரியாது. இது ரோட்டரி விட்டுப் போகும் தடம். கம்பளி பேட் போட்டு ஓட்டிவிட்டு, ஃபினிஷிங் வேலையைச் செய்யாமல் காரைக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். டெலிவரி எடுத்த அன்றே புதுக் காரில் இதைப் பார்த்திருக்கிறேன்.

பயப்பட வேண்டாம், இதுதான் சுலபமாகப் போகும் கோளாறு. டிஏ, மென்மையான ஃபினிஷிங் பேட், மெல்லிய பாலிஷ், மூன்று நாலு ஓட்டம்.

அலை இல்லாமல் மொத்தமாகப் புகை படிந்தாற்போல் மங்கலாக இருந்தால் அது வேறு. காம்பவுண்டோ மைக்ரோஃபைபர் பேடோ மென்மையான பெயின்டில் விட்ட நுண்கீறல். அதற்கும் ஃபினிஷிங் பேடுதான் மருந்து. அப்போதும் மங்கல் போகாவிட்டால் பேடும் துணியும் சுத்தம்தானா பாருங்கள். துடைக்கும் துணியே கீறிக்கொண்டிருந்தால், மெஷினை எத்தனை முறை ஓட்டினாலும் விடிவு இல்லை.

## அறிகுறி 4: பளபளவென்று போனது, ஒரு மாதத்தில் எல்லாக் கீறலும் திரும்பி வந்தது

இரண்டு வழிதான் உண்டு. கீறல் போகவே இல்லை, எண்ணெயும் வேக்ஸும் நிரம்பி மறைந்திருந்தது, நாலு வாஷில் கழன்றுவிட்டது. அல்லது கீறல் நிஜமாகவே போயிருந்தது, அதே வாளியும் அதே துணியும் புதிதாகப் போட்டுவிட்டன.

எது என்று அறிய, பாலிஷ் முடிந்த அன்றே ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் துடைத்து டார்ச் அடிக்க வேண்டும். எண்ணெய் போய் நிஜ நிலைமை தெரியும். கீறல் அப்போதே தெரிந்தால் வேலை முடியவில்லை, அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். அப்போது தெரியாமல் ஒரு மாதம் கழித்து வந்தால், பேச வேண்டியது காலையில் கார் துடைக்க வருகிறவரோடு. இரண்டு வாளி, நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். உலர்ந்த துணியால் தொட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும், மாதக் காசு அதேதான் என்றால் அவரும் மறுக்கப் போவதில்லை.

தின்னரை மட்டும் எதற்கும் தொடாதீர்கள்.

## அறிகுறி 5: கீறல் இல்லை, வெள்ளை வளையங்கள்

போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காய விட்ட கார். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியை நனைத்து நிழலில் இரண்டு மூன்று நிமிடம் அதன்மேல் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் மெஷின் வேண்டாம்.

வெள்ளை போய்ப் பள்ளம் மட்டும் தெரிந்தால் உப்பு பெயின்டை அரித்திருக்கிறது. டிஏ போட்டு ஒரு தடவை முயலுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள். பறவை எச்சத்தின் தடத்துக்கும் இதே கதைதான். பள்ளத்தின் அடிவரை சீவப் போனால், பள்ளம் போகும்போது கிளியர் கோட்டும் சேர்ந்து போகும்.

## அறிகுறி 6: நீளமான தனிக் கீறல், நகம் தட்டுகிறது

சாவி, கேட், முள்செடி. பஃபர் இதை எடுக்காது, கரையை மழுக்கி மங்கலாக்கும், அவ்வளவுதான். இரண்டடி தள்ளி நின்று பார்த்துத் தெரியாவிட்டால் அதோடு வாழப் பழகலாம். உள்ளே வெள்ளையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் ப்ரைமர் வரை போயிருக்கிறது. டச்சப் பெயின்ட் வையுங்கள், மழைக்காலத்துக்கு முன் வைப்பது நல்லது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து பஃப் செய்யும் வேலை, பெயின்ட் தடிமன் மீட்டர் வைத்திருக்கும் ஆளுக்கு மட்டும்.

## அறிகுறி 7: பேடில் காரின் நிறம் ஏறுகிறது

மெஷினை நிறுத்துங்கள்.

பழைய, மெட்டாலிக் இல்லாத வெள்ளை அல்லது சிவப்புக் கார் என்றால் கிளியர் கோட்டே இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்டாக இருக்கலாம். அதில் நிறம் வருவது இயல்பு. கண்ணில் படாத இடத்தில், டிக்கிக்குக் கீழே, கொஞ்சம் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். அங்கும் நிறம் வந்தால் கார் அப்படித்தான். மென்மையாகத் தொடரலாம்.

அங்கே வரவில்லை, ஓட்டிய இடத்தில் மட்டும் வருகிறது என்றால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். பெரும்பாலும் போனட் மடிப்பு, கதவு விளிம்பு, பம்பர் மூலையில்தான் இது நடக்கும். மடிப்புகளில் பெயின்ட் மெல்லியது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு வெளியேறாது. இனி பாலிஷ் உதவாது, பெயின்டரைக் கூப்பிடுங்கள். அடுத்த பேனல் தொடங்கும் முன் விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி வைக்க முடியாத சூடு என்றால் இடம் மாறுங்கள்.

கூரையிலோ போனட்டிலோ தோல் உரிந்தாற்போல் வெள்ளைத் திட்டு, அதன் ஓரம் நகத்தில் பெயர்ந்து வருகிறதா? வெயிலில் வெந்த கிளியர் கோட். எந்த மெஷினும் அதைச் சரி செய்யாது, பஃபிங் செய்தால் இன்னும் உரியும். அந்த பேனலை மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

## அறிகுறி 8: பிபிஎஃப் ஒட்டிய காரில் சுழல் கீறல்

பிபிஎஃப் என்பது பெயின்டைக் காக்க அதன்மேல் ஒட்டும் நிறமற்ற ஃபிலிம். முதலில் ஓரத்தைத் தடவிப் பார்த்து ஃபிலிம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இருந்தால் பஃபர் வேண்டாம். தானாக ஆறும் வகை ஃபிலிம் என்றால் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்துங்கள், அல்லது வெந்நீர் ஊற்றுங்கள். மெல்லிய கீறல் தானே மறையும். மறையாவிட்டால் ஒட்டியவரிடம் போங்கள்.

செராமிக் கோட்டிங் அப்படி ஆறாது. பாலிஷ் செய்தால் கோட்டிங்கும் சேர்ந்து போகும், திரும்பப் போட வேண்டும்.

## அறிகுறி 9: மெஷினே படுத்துகிறது

கை மரத்துப்போகும் அதிர்வு: பேட் நடுவில் உட்காரவில்லை. கழற்றி மாட்டுங்கள். போகாவிட்டால், மெஷினுக்குச் சொன்னதைவிடப் பெரிய அல்லது கனமான பேட் போட்டிருக்கிறீர்கள். டிஏவின் உள்ளே இருக்கும் எடைக்கட்டி குறிப்பிட்ட அளவுக்கு என்றே செய்தது.

பேட் நடுவில் பிய்கிறது: சூட்டில் வெல்க்ரோ இளகுகிறது. இரண்டு பேனலுக்கு ஒரு பேட் மாற்றுங்கள்.

கருகல் வாடை, காற்றுத் துவாரத்தில் பெரிய தீப்பொறி, விட்டு விட்டு ஓடுவது: மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். குறைந்த செலவில் மாற்றலாம். மாற்றியும் பொறி நிற்காவிட்டால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள்), அது வைண்டிங் கடைக்குப் போக வேண்டிய வேலை.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது, அவரிடம் என்ன கேட்பது

ஏற்கெனவே இரண்டு முறைக்கு மேல் பஃப் செய்த கார், செகண்ட் ஹேண்டில் வாங்கி வரலாறு தெரியாத கார், மறுபெயின்ட் அடித்த சந்தேகம், ஹாலோகிராமும் ஆழக் கீறலும் சேர்ந்த கறுப்பு கார். இவற்றுக்கு நீங்களே இறங்காதீர்கள்.

போகும் இடத்தில் பெயின்ட் தடிமன் மீட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கம்பெனி பெயின்ட் மொத்தமாகப் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான் காட்டும். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி என்று சந்தேகிக்கலாம். மற்ற பேனலெல்லாம் 120 காட்டி ஒன்று மட்டும் 80 காட்டினால் அங்கே யாரோ நிறையச் சீவியிருக்கிறார்கள், அதில் மெஷின் வைக்கவே கூடாது. சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் அளக்காது.

பிறகு, முழுக் காருக்கும் விலை பேசும் முன் போனட்டில் இரண்டடிக்கு மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆல்கஹாலால் உங்கள் முன்னாலேயே துடைக்கட்டும். டார்ச் உங்கள் கையில் இருக்கட்டும். “அதெல்லாம் தேவையில்லை சார், சாயந்திரம் வந்து பாருங்க” என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.